கோயில் திரைச்சீலையும் சாயவேரும்

அருங்காட்சியகத்துக்குச் செல்வோர் கற்சிற்பங்களின் முன்னும் செப்புத் திருமேனிகளின் முன்னும் நெடுநேரம் நிற்பது வழக்கம். அடுத்த கூடத்தில் விளக்கொளி குறைக்கப்பட்டிருக்கும். அங்கே கண்ணாடிக்குப் பின்னால், மங்கிய செந்நிறமும் கருமையும் கலந்த ஒரு பழந்துணி சுவரளவுக்குத் தொங்கும். அதில் சிறு சிறு உருவங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பலர் கடந்து போய்விடுவர். கல்லும் செம்பும் கலை. துணி வெறும் துணி என்ற எண்ணமே அதற்குக் காரணம்.

அந்த எண்ணம் சரியன்று. தென்னாட்டுக் கோயில்களுக்கென்று பருத்தித் துணியில் கையால் எழுதிச் சாயமேற்றிய திரைச்சீலைகள் சென்னை அரசு அருங்காட்சியகத்திலும், ஆமதாபாத்து காலிகோ துணி அருங்காட்சியகத்திலும், இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இன்று பேணப்படுகின்றன. அவை ஓவியமாகவும், படிக்கத்தக்க கதையாகவும், நுட்பமான வேதியியலின் விளைவாகவும் விளங்குபவை. இம்மூன்றையும் தெரிந்துகொண்டு பார்ப்பவருக்கு அத்துணி வேறொன்றாகத் தோன்றும்.

பெயரும் பிறப்பிடமும்

இவ்வகைத் துணியை இன்று 'கலம்காரி' என்கின்றனர். 'கலம்' என்பது எழுதுகோலையும் 'காரி' என்பது வேலையையும் குறிக்கும் பாரசீகச் சொற்கள். கோல்கொண்டா சுல்தான்களின் ஆட்சியிலும் பாரசீக வாணிகத்தின் செல்வாக்கிலும் இப்பெயர் நிலைபெற்றது. ஆயின் பெயர் பிற்காலத்தது என்பதால் தொழிலும் பிற்காலத்தது ஆகிவிடாது. மொகஞ்சதாரோவில் வெள்ளிப் பாத்திரம் ஒன்றோடு ஒட்டிக் கிடைத்த பருத்தித் துணுக்கில் செஞ்சாயம் ஏற்றிய அடையாளம் காணப்பட்டது. பருத்தியில் சிவப்பை நிலைக்கச் செய்யும் வித்தையை இந்நாட்டார் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர் என்பதற்கு அதுவே சான்று.

எழுதிய திரையைத் தமிழ் இலக்கியமும் அறியும். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஆடரங்குக்குரிய மூவகைத் திரைகளைப் பெயர் சொல்லிக் கூறுகிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்பன அவை. மேலே கட்டும் ஓவிய விதானமும் அங்கே பேசப்படுகிறது. தமிழில் ஓவியத்தை 'எழுதுதல்' என்றே சொல்வது மரபு. எழுதுகோல் கொண்டு துணியில் உருவம் தீட்டும் இத்தொழிலுக்கு அம்மரபுச் சொல் முற்றும் பொருந்தும்.

தொழில் வளர்ந்த இடங்களில் மூன்று குறிப்பிடத்தக்கவை. முதலாவது, கிருஷ்ணா நதியின் கழிமுகத்தை அடுத்த மசூலிப்பட்டினம். அங்கு மரஅச்சு வேலை மிகுந்தது. பாரசீகத்துக்கும் ஐரோப்பாவுக்கும் வேண்டிய கொடியும் பூவும் அங்கு உருவாயின. இரண்டாவது, தமிழர் திருக்காளத்தி எனப் போற்றும் காளஹஸ்தி. கண்ணப்பர் தொண்டு செய்த அத்தலத்தில், பொன்முகலி ஆற்றங்கரையில், அச்சுக்கட்டையைத் தொடாமல் எழுதுகோல் ஒன்றாலேயே இராமாயண, பாரதக் கதைகளை எழுதும் மரபு வேரூன்றியது. மூன்றாவது, தமிழ்நாட்டுக் காவிரி கொள்ளிடப் பகுதி. தஞ்சை மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையும், கொள்ளிடத்தை அடுத்த கருப்பூரும் கோயில் துணிக்குப் பெயர் பெற்ற ஊர்கள். கோடாலிக் கருப்பூர்ச் சேலைகளைத் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தார் விரும்பி உடுத்தனர். அரசு மறைந்தபின் அச்சேலைத் தொழிலும் மறைந்தது.

கோயிலில் அதன் இடம்

சுவரில் தனியே மாட்டிப் பார்ப்பதற்காக எழுதப்பட்டதன்று இத்துணி. கோயிலில் ஒவ்வொரு துணிக்கும் ஓர் இடமும் ஒரு பெயரும் உண்டு. சந்நிதியின் முன் இழுத்து மூடித் திறப்பது திரைச்சீலை. மண்டபத்தின் மேற்புறத்தே விதானமாகக் கட்டுவது அசுமானகிரி. வாயிலின் மேலும் இரு புறமும் தொங்குவது வாசமாலை. உருளை வடிவாய் மேலிருந்து கீழே தொங்குவது தொம்பை. தேர்த் திருவிழாவைக் கண்டோர் தொம்பையை நன்கு அறிவர். தேரில் தொங்குபவற்றுள் பல வண்ணத் துணிகளை வெட்டி ஒட்டித் தைத்தவை. அவ்வேலைப்பாடு வேறு, எழுதிச் சாயமேற்றும் வேலைப்பாடு வேறு.

இவற்றைப் பார்த்த ஒளியும் வேறு. அருங்காட்சியகத்தின் அசையாத மின்னொளியில் தட்டையாகத் தெரியும் உருவங்கள், நெய்விளக்கின் ஆடும் சுடரில் சற்றே உயிர் பெற்றுத் தோன்றும். திரை விலகும் கணத்துக்காகக் காத்து நிற்பவனுக்கு அத்திரையே முதற்காட்சி. உள்ளே இருப்பவரின் கதையை அது வெளியே சொல்லிக்கொண்டிருக்கும்.

துணியைப் படிக்கும் முறை

காளஹஸ்தி வகைப் பெருந்துணி ஒன்றின் முன் நிற்பவர் முதலில் நடுவைப் பார்க்கவேண்டும். நடுவில் ஒரு பெரிய கட்டம் இருக்கும். இராமாயணத் துணியானால் அங்கே பெரும்பாலும் பட்டாபிடேகக் காட்சி அமையும். கதையின் முடிவு நடுவிலே, எல்லாவற்றிலும் பெரிதாக நிற்கிறது. அதனைச் சுற்றிலும் வரிவரியாகச் சிறு கட்டங்கள் ஓடும். வேள்வி, பிறப்பு, வில்முறிப்பு, காடேகல், மாயமான், சிறையெடுப்பு, சேதுபந்தனம், போர் எனக் கதை கட்டம் கட்டமாய் நகரும். கட்டங்களுக்கு இடையே உள்ள பட்டையில் காட்சியின் விளக்கம் தெலுங்கு எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். எழுத்தறிந்தவர் படித்துச் சொல்வர். அறியாதவர் உருவத்தைப் பார்த்தே கதையைத் தொடர்வர். ஏட்டில் உள்ள காவியத்தை ஊரார் முன் விரித்துக் காட்டுவதற்கு இதைவிட எளிய வழி அக்காலத்தில் இல்லை.

நிறத்துக்கும் ஒரு மொழி உண்டு. திருமாலும் இராமனும் கண்ணனும் நீலம் பெறுவர். பெண்டிர்க்குப் பெரும்பாலும் மஞ்சள். அரக்கர்க்குச் சிவப்பு மிகும். கூட்டத்தின் நடுவே யார் யார் என்று தேட வேண்டியதில்லை. நிறமே அடையாளம் காட்டிவிடும். உருவங்களுக்கு நிழல் இல்லை. தொலைவும் அண்மையும் காட்டும் முயற்சியும் இல்லை. பெரியவர் பெரிதாகவும் சிறியவர் சிறிதாகவும் இருப்பது தூரத்தால் அன்று, தகுதியால். மேனாட்டு ஓவிய இலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு இதனைக் குறைகாண்பது முறையாகாது.

நீரும் வேரும் செய்யும் வேலை

இத்துணியை 'ஓவியம்' என்று மட்டும் சொன்னால் பாதி உண்மையே வெளிப்படும். பலகையில் வண்ணக் குழம்பைப் பூசுவது போன்றதன்று இது. இங்கே நிறம் துணியின் மேல் படிவதில்லை, நாருக்குள்ளேயே பிறக்கிறது.

முதலில் கோடித் துணியைக் கஞ்சி போக அலசுவர். பிறகு கடுக்காய்ப் பொடியும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துப் பிழிந்து வெயிலில் உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்பொருள் நாரில் ஏறுகிறது. பாலின் கொழுப்பு, மேலே எழுதும் நீர்மம் கசிந்து பரவாமல் தடுக்கிறது. புளியங்குச்சியைச் சுட்டு எடுத்த கரியால் உருவங்களை முதலில் கோடிட்டுக் கொள்வர்.

எழுதுகோல் மூங்கில் குச்சியால் ஆனது. முனையைக் கூராகச் சீவி, அதற்குச் சற்று மேலே கம்பளியோ துணியோ சுற்றி நூலால் கட்டுவர். அச்சுற்று நீர்மத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விரலால் மெல்ல அழுத்தும்போது வேண்டிய அளவு முனைக்கு இறங்கும். கோட்டின் பருமன் விரலின் அழுத்தத்தைப் பொறுத்தது.

கருமைக்குரிய நீர்மம் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் இட்டுப் பல நாள் புளிக்கவைத்து வடித்தது. கலத்தில் இருக்கும்போது அது கருமையாய் இருப்பதில்லை. கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டவுடன் இரும்பும் துவர்ப்பொருளும் சேர்ந்து கருமை பிறக்கிறது.

சிவப்பின் கதை இன்னும் வியப்பானது. சிவக்க வேண்டிய இடங்களில் செஞ்சாயத்தைப் பூசுவதில்லை. படிகார நீரையே பூசுவர். அது ஏறக்குறைய நிறமற்றது. துணியை உலரவிட்டு, ஓடும் ஆற்றுநீரில் அலசி, மிகுந்த படிகாரத்தைப் போக்குவர். பின்னர் சாயவேர் இட்ட கொப்பரையில் துணி முழுவதையும் கொதிக்கவைப்பர். படிகாரம் பட்ட இடங்களில் மட்டும் சிவப்பு ஆழ்ந்து பிடிக்கும். மற்ற இடங்களில் ஏறிய மெல்லிய செம்மை நிலைக்காது. சாணநீரில் ஊறவைத்து, ஆற்றங்கரையில் பரப்பி, நீர் தெளித்து வெயிலில் காயவிட்டால் அது வெளுத்துவிடும். படிகாரத்திலுள்ள அலுமினியம் ஒரு கையால் நாரையும் மறு கையால் சாயத்தையும் பற்றிக்கொள்வதே இதன் இரகசியம். இவ்வாறு சாயத்தைத் துணியில் ஊன்றச் செய்யும் பொருளை நிறமூன்றி என்பர். உரோம அறிஞர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தியரின் இத்தகைய வித்தையைக் குறித்து, ஒரே கொப்பரையில் முக்கிய துணி பல நிறத்தோடு வெளிவருவதை அதிசயமாக எழுதினார்.

சாயவேர் என்பது இம்பூறல் என்று சித்த மருத்துவர் அறிந்த சிறு செடியின் வேர். சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலத்திலும், ஈழத்தில் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளிலும் இது விளைந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் ஈழத்துச் சாயவேர் அரசினரின் கட்டுப்பாட்டில் இருந்தது என்பதிலிருந்தே அதன் விலைமதிப்பு விளங்கும். வேரின் பட்டையில் அலிசரின் எனும் செஞ்சாயப் பொருள் உண்டு. கடற்கரையில் சிப்பி கலந்த மண்ணில் விளையும் வேர் சுண்ணாம்புச் சத்தை உட்கொள்கிறது. அச்சத்து சிவப்பை மேலும் ஒளிரச் செய்கிறது. வேதியியல் நூல் படியாத சாயக்காரர், எந்த ஊர் வேர் நல்லது என்பதைக் கண்ணாலும் நாவாலும் அறிந்திருந்தனர்.

மஞ்சள் கடுக்காய்ப் பூவிலிருந்து வந்தது. நீலம் அவுரியிலிருந்து வந்தது. அவுரித் தொட்டியில் முக்குவதற்கு முன், நீலம் படக்கூடாத இடங்களை மெழுகால் மூடுவது பழைய முறை. நீலத்தின் மேல் மஞ்சளைத் தீட்டினால் பச்சை கிடைக்கும். ஒரு துணி முடிவதற்குள் அது எத்தனை முறை ஆற்றில் இறங்கி ஏறியது என்று எண்ணிப் பார்த்தால், ஆறில்லாத ஊரில் இத்தொழில் வளராததன் காரணம் புலனாகும்.

முதலில் அழிவது எது?

மேற்சொன்ன வேதியியலை அறிந்தவருக்கு, அருங்காட்சியகத்துத் துணி தன் முதுமையைத் தானே சொல்லும். பழந்துணிகளில் மரத்தின் இலைகள் சிலவேளை நீலமாய்த் தெரிகின்றன. எழுதியவர் நீல இலையை எழுதவில்லை. மேலே தீட்டிய மஞ்சள் ஒளியில் வெளுத்துப்போய், அடியிலிருந்த அவுரி மட்டும் எஞ்சி நிற்கிறது. படிகாரத்தில் ஊன்றிய சிவப்போ பல தலைமுறைக்குப் பின்னும் பெரிதும் குன்றாமல் இருக்கிறது.

கருமைக்கு நேர்வது வேறு. எல்லாக் கோடுகளையும் தாங்கி நின்ற அந்த இரும்புக் கருமை, காலப்போக்கில் தான் பற்றிய நாரையே அரித்துவிடுகிறது. உருவங்களின் எல்லைக்கோடு உள்ள இடத்தில் துணி பொடிந்து உதிர்கிறது. கண்ணும் மூக்கும் விரலும் கோட்டாலே ஆனவை, ஆதலால் முகமே முதலில் போகும், உடல்நிறம் எஞ்சும். இதனாலேயே இத்துணிகளை மடித்து வைப்பதில்லை; உருளையில் சுற்றி வைக்கின்றனர். ஒளியை மிகக் குறைத்து, சில மாதங்கள் காட்சிக்கு வைத்தபின் இருட்டறையில் ஓய்வு தருகின்றனர். மங்கலான கூடத்தைக் கண்டு சலித்துக்கொள்வோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

எண்ணெய்க் கறை, விளக்குப் புகை, சந்தனத் துளி ஆகியவை துணியில் காணப்பட்டால், அவற்றை அழுக்கு என்று போக்கிவிடாமல் பாதுகாப்பதே இன்றைய பேணுநர் கொள்கை. அத்துணி வழிபாட்டில் இருந்தது என்பதற்கு அக்கறைகளே சாட்சி.

கடல் கடந்த துணி

சோழமண்டலக் கரையின் துணியைக் கீழ்த்திசைத் தீவுகள் நெடுங்காலமாய் விரும்பின. 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த போர்த்துக்கீசியரான தோமே பிரஸ், கிளிங்கர் எனப்பட்ட சோழமண்டல வணிகர் கொண்டுவந்த துணிவகைகளைப் பற்றி எழுதியுள்ளார். சாதிக்காயும் கிராம்பும் பெரும்பாலும் பொன்னுக்கு விற்கப்படவில்லை, துணிக்கே மாற்றப்பட்டன. செலபீசு எனப்பட்ட சுலவேசித் தீவின் தொராசா மக்கள் அத்துணிகளை மூதாதையர் வீட்டில் பேழையிலிட்டுக் காத்து, சடங்குக் காலங்களில் மட்டும் வெளியே எடுத்தனர். நியூயார்க்கு மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இராமனும் இராவணனும் படைகளோடு எதிர்நிற்கும் நீண்ட பருத்தித் துணி ஒன்று உள்ளது. அது 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தோனேசியத் தீவுகளுக்கென்று சோழமண்டலக் கரையில் எழுதப்பட்டது. நிழற்கூத்தில் இராம கதையைப் பார்த்துப் பழகிய மக்களுக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியிருந்திராது.

ஐரோப்பாவிலோ இத்துணி பெரும் கலக்கத்தை விளைத்தது. உள்நாட்டு நெசவாளர் நலிவதைக் கண்டு பிரெஞ்சு அரசு 1686-ஆம் ஆண்டு எழுதிய துணிகளுக்குத் தடை விதித்தது. 1759 வரை அத்தடை நீடித்தது. இங்கிலாந்தும் 1701-லும் 1722-லும் தடைச் சட்டங்களைச் செயற்படுத்தியது. தடை ஒரு புறம் இருக்க, தொழிலின் இரகசியத்தை அறியும் முயற்சியும் நடந்தது. கேர்தூ என்னும் பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார், தம்மிடம் சமயம் தழுவிய சாயக்காரர்களைக் கேட்டறிந்து, கடுக்காய் முதல் சாயவேர் வரை எல்லாவற்றையும் 1742-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் விரிவாக எழுதினார். சொல்லிக்கொடுத்தவர்களின் கைவேலை அந்த நூற்றாண்டு முடிவதற்குள் உருளை அச்சு இயந்திரத்தோடு போட்டியிட வேண்டியதாயிற்று.

அடுத்த அடி வேதியியற்கூடத்திலிருந்து வந்தது. 1868-ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர்களான கிரேபும் லீபர்மனும் அலிசரினைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். அடுத்த ஆண்டே அது வணிகத்துக்கு வழி கண்டது. 1897-ல் செயற்கை அவுரியும் சந்தைக்கு வந்தது. சாயவேர் தோண்டுதல் பயனற்ற தொழிலாயிற்று. இன்று நார்த்துணுக்கு ஒன்றை ஆராய்ந்து, சிவப்பு வேரிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்று அறிய முடிகிறது. ஆலைச் சிவப்பானால் அத்துணி 1869-க்கு முற்பட்டதன்று என்பது உறுதி. தொழிலை வீழ்த்திய பொருளே இவ்வாறு துணியின் காலத்தைக் கணிக்கும் கருவியாகவும் ஆயிற்று.

எஞ்சியதும் எஞ்சாததும்

இங்கே கருதத்தக்க ஒன்று உண்டு. 17, 18-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சோழமண்டலத் துணிகள் ஐரோப்பிய மாளிகைகளிலும் சுலவேசி வீடுகளிலும் ஏராளமாய்த் தப்பிப் பிழைத்தன. அவற்றோடு ஒப்பிட, அதே காலத்தில் கோயிலுக்கென்று எழுதியவற்றுள் எஞ்சியவை மிகச் சில. அயலாருக்கு விற்றது நின்றது; இறைவனுக்குக் கொடுத்தது மறைந்தது.

இது புறக்கணிப்பால் நேர்ந்ததன்று. கோயில் துணி பயன்படுவதற்கென்றே எழுதப்பட்டது. புகையும் ஈரமும் காற்றும் பட்டு நைந்தால் களைந்துவிட்டுப் புதியது கட்டுவது முறை. பழையது போவதைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. ஏனெனில் அதேபோல் இன்னொன்று எழுதக்கூடிய கை அடுத்த தெருவில் இருந்தது. துணிக்கு ஆயுள் குறைவு. எழுதும் கைக்கோ தலைமுறை தலைமுறையாக ஆயுள். மரபு துணியில் தங்கியிருக்கவில்லை, கையில் தங்கியிருந்தது.

அக்கை ஓய்ந்த நாளில்தான் பழந்துணி அருங்காட்சியகப் பொருளாயிற்று. 1917-ஆம் ஆண்டு சென்னை ஓவியக் கல்லூரித் தலைவர் ஹடவே, மாகாணத்தில் நடைபெற்ற இத்தொழிலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இந்திய விடுதலைக்குப் பின், கமலாதேவி சட்டோபாத்யாயரின் முயற்சியால் 1950-களின் இறுதியில் காளஹஸ்தியில் அரசுப் பயிற்சி நிலையம் தொடங்கிற்று. எஞ்சியிருந்த முதிய கைவினைஞரைக் கொண்டே இளைஞர்க்கு அங்கே கற்பித்தனர். அவ்வூர்க் கலைஞர் குரப்ப செட்டியார் 2008-ஆம் ஆண்டு பத்மஶ்ரீ விருது பெற்றார். தமிழ்நாட்டின் கருப்பூர்க் கலம்காரி 2021-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. இன்று அங்காடியில் கலம்காரி என்ற பெயரில் விற்பனையாவதில் பெரும்பகுதி ஆலையில் அச்சிட்டது. இருப்பினும், கடுக்காயும் பாலும் மூங்கிற்கோலும் கொண்டு எழுதுவோர் இன்னும் அற்றுப்போகவில்லை.

அருங்காட்சியகம் துணியைக் காக்கும். அதனால் ஒரு துணியை எழுத இயலாது. தன் அளவில் அது செய்யும் பணி பெரிது. அதனை எவரும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆயின் கண்ணாடிக்குள் இருக்கும் திரைச்சீலையை வியந்து பேசுவோர், கோயிலுக்கு ஒரு திரை வேண்டும் என்று எண்ணும்போது ஆலையில் அச்சிட்ட துணியை மலிவென்று வாங்கிவிடுகின்றனர். எழுதும் கைக்கு வேலை கொடுப்பதே அக்கலைக்குச் செய்யும் முதல் மரியாதை. கருப்பூரிலிருந்தோ காளஹஸ்தியிலிருந்தோ வரவழைத்த ஒரு திரை ஒரு சந்நிதியின் முன் தொங்கி, விளக்குப் புகை பட்டு, ஆண்டுகள் பல சென்றபின் நைந்து கிழிந்தால் அதற்காக வருந்த வேண்டியதில்லை. அடுத்ததை எழுத ஒருவர் இருப்பார் என்பதற்கு அதுவே உறுதியாகும்.